கரையில் எரிந்த விளக்குகள்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு விளக்குப் பூட்டியது. தை மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசைக்குப் போய்வந்த உடுப்பு மாற்றவில்லை. அந்த வாரம் தபால்காரப் பெண் வாசல் படியில் வழுக்கி விழுந்திருந்தாள். விளக்கு வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார்.

அந்த வாசலில் அதுவரை வெளிச்சம் இருந்ததில்லை. வீடு வாங்கிய அன்றே அப்பா அங்கிருந்த பல்ப்பைக் கழற்றி, ஓட்டையைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டார். நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் தெரு முழுக்க மின்னும். எங்கள் வீடு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருக்கும்.

நான் ஏணியில் நின்றேன். அப்பா ஏணியைப் பிடித்திருந்தார்.

"இது தானாப் பத்தி எரியுமோ?"

"ஓம். ஆக்கள் வந்தாப் பத்தும்."

"ஆக்கள் எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"சூடு. அசைவு."

"நல்ல ஆளோ கெட்ட ஆளோ எண்டு?"

"அது தெரியாது அப்பா. இது சும்மா கடையில வாங்கின விளக்கு."

"அப்ப ஆரையும் காட்டிக்குடுக்கும்" என்றார்.

கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது கீழே இருந்து இன்னொன்று சொன்னார்.

"வாற சனிக்கிழமை என்னை லவாலுக்குக் கூட்டிக்கொண்டு போறியே? புஷ்பராணி அக்கா வீட்டை."

நான் குனிந்து பார்த்தேன். ஆற்றுக்கு அப்பால் லவால் நகரில் இருக்கும் புஷ்பராணி அக்கா எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் எல்லோருக்கும் தெரிந்தவர். ஒரே கோயிலில் முப்பது வருடமாகப் பூசை கேட்டும் அப்பா அவரோடு ஒரு சொல் பேசியதை நான் கண்டதில்லை. அவர் இடப்பக்கம் இருந்தால் அப்பா வலப்பக்கம் இருப்பார்.

"ஏன்?"

"சொல்லுறன். முதல்ல இறங்கு."

வியாழக்கிழமை காலை அப்பா இறந்துவிட்டார். சனிக்கிழமை லவாலுக்குப் போகவில்லை.

அப்பாவின் பெயர் அருமைராசா. மன்னார்க் கரையில் பிறந்தவர். எந்த ஊர் என்று எழுதவில்லை. அவர் எழுத விடமாட்டார். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவதில் கெட்டிக்காரர். எண்பதுகளின் நடுவில் கடலைத் தாண்டி இராமேஸ்வரம் போய், அகதி முகாமில் இருந்து, பிறகு மொன்றியலுக்கு வந்தார். அகதி விசாரணையில் தான் மீன்பிடிகாரன் என்று மட்டும் சொன்னார். அது உண்மை. ஆனால் முழுவதும் அல்ல.

இங்கே தையல் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்த்தார். அது மூடப்பட்ட பிறகு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை: கொதிகலன், குழாய், பனி தள்ளுவது.

அவர் பயத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கதவு மணி அடித்தால் முதலில் ஜன்னலுக்குப் போவார். கலியாண வீட்டில் கமெரா திரும்பினால் செருப்புத் தேடுவார். எங்கள் வீட்டு அல்பத்தில் அப்பாவின் முழு முகம் உள்ள படம் இரண்டோ மூன்றோதான். அவற்றிலும் கண் மூடியிருக்கும். மாவீரர் நாளுக்கும் போகமாட்டார், இயக்கத்தை எதிர்த்த மாற்றுக் கருத்துக்காரரின் கூட்டத்துக்கும் போகமாட்டார். இரண்டு பக்கமும் அவரைக் கோழை என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

கார்த்திகை மாதம் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். புஷ்பராணி அக்கா தவறாமல் தன் தம்பியின் பெயரைக் கொடுப்பார். ரதீசன். அந்தப் பட்டியல் தொடங்கும்போது அப்பா எழுந்து, கார் லைற் எரிகிறது என்று சொல்லி வெளியே போவார். சின்ன வயதில் நான் அதை நம்பினேன். எங்கள் கார் மறதியான கார் என்று நினைத்தேன்.

நான் ரயில் சிக்னல் பொறியியலாளர். தண்டவாள ஓரத்து விளக்குகள் பழுதானாலும் ஆபத்து வராதபடி பார்ப்பது என் வேலை. என் தொழிலைப் பற்றி அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "வெளிச்சம் இல்லாட்டி ரயில் என்ன செய்யும்?" நிற்கும் என்பேன். "அது சரி" என்பார். பல தடவை கேட்டிருக்கிறார்.

டெக்லன் இல்லாவிட்டால் அப்பா கதையைச் சொல்லாமலே போயிருப்பார்.

டெக்லன் அந்த முதியோர் இல்லத்தில் இருக்கும் ஐரிஷ்காரர். எண்பது தாண்டியவர். பொயின்ட்-சென்ட்-சார்ள்ஸில் பிறந்து வளர்ந்து ரயில் பட்டறையில் வேலை செய்தவர். அவருடைய அறையின் ஹீற்றர் அடிக்கடி நின்றுபோகும். அப்பா திருத்தப் போவார். ஹீற்றரைத் தானே நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிடுகிறார் என்று தாதிமார் சொல்வார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். அப்பாவை அவர் 'ராஜா' என்றுதான் கூப்பிடுவார்.

டெக்லன் சொன்ன கதையை அப்பா ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் எங்களுக்குச் சொன்னார். அப்பா தானாக ஒரு கதை சொல்வது அபூர்வம். அம்மா சட்டியைக் கையில் வைத்தபடி நின்றார்.

"ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாறு. அயர்லாந்துப் பெடியள் இங்கிலீஸ்காரனுக்கு எதிரா எழும்பப் போறாங்கள். உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு. கையில துவக்கு, வெடிமருந்து காணாது. அப்ப இங்கிலீஸ்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் பெரிய சண்டை நடக்குது. பெடியள் ரகசியமா ஜெர்மன்காரனிட்டக் கேட்டவங்கள். அவன் ஒரு கப்பல் நிறையத் துவக்கு அனுப்பினவன். நோர்வேக்காரன்ர கப்பல் மாதிரி வேசம் போட்டு."

"இறைச்சி ஆறுது" என்றார் அம்மா.

"இரும் றோஸ்மேரி. கப்பல் வெளிக்கிட்ட பிறகு இவங்கள் நாளை மாத்தினவங்கள். ஞாயிறு வாங்கோ எண்டு. கப்பலில ரேடியோ இல்லை. அவன் வியாழக்கிழமை வந்திட்டான். கெரி எண்ட இடத்தில, கரைக்கு வெளியில நிண்டு வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறான். கரையில ஒரு குஞ்சு இல்லை. ஒரு விளக்கு இல்லை."

"பிறகு?"

"அடுத்தநாள் நேவி பிடிச்சிட்டுது. துறைமுகத்துக்குக் கொண்டுபோகேக்குள்ள கப்பல்காரர் தாங்களே கப்பலைத் தாட்டுப்போட்டினம். துவக்கெல்லாம் கடலுக்கை. பெடியள் திங்கக்கிழமை இருந்ததை வைச்சு எழும்பினவங்கள். ஒரு கிழமை தாங்கேல்லை. தலைவர்மாரைச் சுட்டுப்போட்டாங்கள்."

பிறகு நான் படித்துப் பார்த்தேன். அந்தக் கதை சரி. ஒரு ரேடியோக் கருவியைப் பறிக்கப் புறப்பட்ட கார் ஒன்று இருட்டில் வழி தவறிக் கடலுக்குள் இறங்கி மூன்று பேர் மூழ்கினார்கள் என்பதும் இருந்தது. டெக்லன் தன் பாட்டனாரைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. அவருடைய பாட்டனார் அப்போது கெரியில் கூலி வேலை செய்த இளைஞர். வியாழக்கிழமை பின்னேரம் வயலில் நின்று அந்தக் கப்பலைக் கண்டாராம். ஞாயிறு வரை ஒருவரிடமும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். அதனால் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

"கிழவன் என்ன சொல்லுறான் தெரியுமோ?" என்றார் அப்பா. "'என்ர தாத்தா ரகசியத்தை எவ்வளவு நல்லாக் காப்பாத்தினவர் எண்டா, கப்பலுக்கே சொல்லேல்லை' எண்டு. சொல்லிப்போட்டுச் சிரிக்கிறான். கண்ணில தண்ணி வரச் சிரிக்கிறான்."

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"பிறகு அந்தத் தாத்தா என்ன செய்தவர்?"

"கனடாவுக்கு ஓடி வந்திட்டார். இங்கிலீஸ்காரனுக்குப் பயத்தில இல்லை. தன்ர ஆக்களுக்குப் பயத்தில." கறியைப் பிசைந்தபடி இருந்தார். "நூறு வருசம் போனாப் பகிடியாச் சொல்லலாம் போல."

பிறகு அப்பா சொன்ன ஒன்றை அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

"ஜெர்மன்காரனுக்கு அயர்லாந்தில என்ன அக்கறை? இங்கிலீஸ்காரன்ர காலில முள்ளுக் குத்தவேணும். அவ்வளவுதான். எங்களுக்கு அக்கரையில, இந்தியாவில இருந்து தந்தவங்களும் அப்பிடித்தான். தரேக்குள்ள தம்பி தம்பி எண்டுவாங்கள்."

ஜென்சி எங்கள் பங்குப் பெண். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கல்லூரியில் படிக்கிறாள். அந்த முதியோர் இல்லத்தில் தொண்டராக வந்து, அங்கே இருப்பவர்களின் கதைகளை வீடியோ எடுத்தாள். பங்குனியில் ஐரிஷ்காரரின் ஊர்வலத்துக்கு முந்திய ஞாயிறு அதை இல்லத்தின் மண்டபத்தில் காட்டிவிட்டு இணையத்தில் போடுவதாகத் திட்டம்.

டெக்லன் தன் கப்பல் கதையைச் சொல்ல ஒரு நிபந்தனை வைத்தார். ராஜா பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பா கதிரையில் இருந்தார், கமெராவுக்குப் பக்கவாட்டாக. டெக்லன் கதையை முடித்துவிட்டு, "ராஜா, உன்னுடைய ஊரிலும் கடல் இருந்ததே. உங்களுக்குக் கப்பல் வரவில்லையா?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார்.

அப்பா ஜென்சியைப் பார்த்து, "தமிழில சொல்லலாமோ?" என்றார்.

அவர் சொல்லி முடித்தபோது, தமிழ் ஒரு சொல்லும் தெரியாத டெக்லன் அப்பாவின் முழங்காலில் கையை வைத்திருந்தாராம். ஜென்சி சொன்னாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா இரவு படுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை, இன்ரநெற்றில ஒரு வீடியோ போட்டா லவாலிலயும் தெரியுமோ?"

"உலகம் முழுக்கத் தெரியும் அப்பா."

"உலகம் கிடக்கட்டும். லவாலில?"

அவர் ஏன் கேட்டார் என்று விளக்குப் பூட்டிய அந்த ஞாயிறு வரை எனக்குத் தெரியாது.

வாசல் விளக்கைப் பூட்டிய பிறகு ஏணியைக் கராஜுக்குள் கொண்டுபோனோம். அப்பா கோடைக்கால ரயர் அடுக்கின் மேல் இருந்தார். கராஜ் கதவை மூடச் சொன்னார். மூடினேன். குளிரில் அவருடைய மூச்சுத் தெரிந்தது.

"அக்கரையில இருந்து படகு வரும். பெடியளும் சாமானும். நான் இயக்கத்தில இல்லை. ஆனா கரை தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு என்னைக் கேட்டவங்கள். கோயிலுக்குப் பக்கத்துப் பனையடியில ஒரு அரிக்கன் லாம்பு வைக்கவேணும். விளக்குத் தெரிஞ்சா வரலாம். தெரியாட்டித் திரும்பிப் போகவேணும். அவ்வளவுதான் வேலை. வீட்டில கூடச் சொல்லேலாது."

அது நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். வெளிச்சம் இல்லாவிட்டால் ஆபத்து. எங்கள் சிக்னலும் அப்படித்தான்.

"அண்டைக்குப் பின்னேரம் மணல்திட்டிக்குப் பின்னால நேவிப் படகு ஒண்டு ஒளிச்சு நிக்கிறதைக் கண்டிட்டன். சரி, விளக்கு வைக்கத் தேவையில்லை. திரும்பிப் போவாங்கள் எண்டு நிம்மதியா வீட்டை வந்தன். வந்தா வீட்டில ஒருத்தரும் இல்லை."

"எங்க போனவை?"

"கரைக்கு. அத்தான்ர வள்ளம் வரேல்லை. வாடைக்காத்து எழும்பிட்டுது. எங்கட ஊரில வள்ளம் பிந்தினா வீட்டுக்கொரு விளக்குக் கரைக்கு வரும். ஆரும் சொல்லத் தேவையில்லை. பொம்பிளையள் கொண்டுவந்து வரிசையா வைச்சுப்போட்டுச் செபமாலை சொல்லுவினம். நான் போகேக்குள்ள கரை முழுக்க விளக்கு."

அப்பா கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"கடலில இருந்து பாக்கிறவனுக்கு எது பனையடி, எது என்ர அக்கான்ர விளக்கு? ஓடிப்போய் 'விளக்கை நூருங்கோ, அணையுங்கோ' எண்டு கத்தவேணும். ஏன் எண்டு கேப்பினம். என்னெண்டு சொல்லுறது? ஒரு வாயில சொன்னா விடியமுன்னம் நேவிக்குப் போயிடும். சொல்லாமல் நூர்க்கச் சொன்னா, புருசன் கடலில நிக்கிற பொம்பிளை நூர்ப்பாளோ?"

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நிண்டன். அக்கா என்னைக் கண்டிட்டு, 'தம்பி, என்ர கை நடுங்குது, இதைப் பிடி' எண்டு தன்ர லாம்பைத் தந்தவ. வாங்கிப் பிடிச்சன்."

இன்னொரு ரயரை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே இருந்தேன்.

"எஞ்சின் சத்தம் கேட்டுது. பெடியள் சிரிக்கிற சத்தமும் கேட்டுது பிள்ளை. இவ்வளவு விளக்கைக் கண்டிட்டு, ஊரே தங்களை வரவேற்க வந்து நிக்குது எண்டு நினைச்சிருப்பாங்கள். பிறகு திட்டிப் பக்கமிருந்து வெடிச் சத்தம்."

"உங்கட அத்தான்ர வள்ளம்?"

"அது பொழுதுபடமுன்னமே பக்கத்து ஊரில கரையேத்தியிருக்கு. காலமை சைக்கிளில ஆள் வந்து சொன்னவன். அந்த விளக்குகள் ஒருத்தரையும் காப்பாத்தேல்லை."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அப்பா, திட்டம் பிழை. சிக்னல் விளக்குக்கு நிறம் வேணும். இல்லாட்டி மூடித் திறந்து காட்டவேணும். சும்மா எரியிற விளக்குச் சிக்னல் இல்லை."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப பிழை திட்டத்திலயோ?"

"ஓம்."

"திட்டம் போட்டதும் நான்தான். உந்தக் கரையில ஆர் எப்ப விளக்கு வைப்பினம் எண்டு தெரிஞ்ச ஆள் எண்டுதானே என்னட்டை விட்டவங்கள். வள்ளம் பிந்தினா விளக்கு வரும் எண்டதை நான் யோசிக்கேல்லை. அது மூச்சு விடுறது மாதிரி. மூச்சை ஆர் கணக்கில எடுக்கிறது?"

அடுத்த நாளே இயக்கம் விசாரிக்கத் தொடங்கியது. காட்டிக்கொடுத்தவன் யார் என்று கேட்டார்கள். நேவியும் தேடியது, படகுக்கு உதவியவன் யார் என்று. இரண்டு கேள்விக்கும் ஊரில் ஒரே பதில்தான் இருந்தது. தன்னிடம் எஞ்சின் திருத்தக் கொடுத்திருந்த ஒரு வள்ளத்தில் அப்பா தப்பிப் போனார்.

மொன்றியலில் ஒரு கார்த்திகைப் பூசைக்குப் பிறகு, தேத்தண்ணி குடிக்கும் இடத்தில், புஷ்பராணி அக்கா தன் தம்பியைப் பற்றி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை அப்பா கேட்டார். வருடம், மாதம், ஊர் எல்லாம் சரி. அந்தப் படகில் வந்த ரதீசனின் பெயர் அப்பாவுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். "நேவியிட்டக் காசு வாங்கிப்போட்டு விளக்கு வைச்சுக் கூப்பிட்டுக் குடுத்தவங்கள். அந்த ஊர்ச் சனம் விளங்காது" என்று அக்கா சொன்னாராம். அதன் பிறகு ஒவ்வொரு கார்த்திகையும் சொன்னார்.

அப்பாவின் பயத்தில் கனடா அரசாங்கம் சின்னப் பங்குதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. விசாரணையில் மறைத்ததற்காகக் குடியுரிமையைப் பறிப்பார்கள், அம்மாவையும் சேர்த்து அனுப்புவார்கள் என்று அதற்கும் பயந்தார்தான். ஆனால் அவர் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தது அதிகாரிகளை அல்ல. ஒரு தம்பியின் அக்காவை.

"ஜென்சியிட்டச் சொன்னா அழிச்சுவிடுவாள் அப்பா. நான் சொல்லுறன்."

"அழிச்சா இன்னொருக்காச் சொல்ல எனக்கு ஏலாது."

"அப்ப?"

"அவள் பிள்ளை கோயிலில எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள், அருமைராசா அங்கிள் கதைச்சிருக்கிறார் எண்டு. புஷ்பராணி அக்கா, 'அந்த மனுசன் வாய் திறந்ததைப் பாக்க நானும் வாறன்' எண்டவவாம். சனத்துக்கு நடுவில, திரையில பாத்து அவ தெரியக்கூடாது. அதுக்கு முன்னம் நான் வீட்டை போய்ச் சொல்லவேணும்."

பிறகு திட்டம் போட்டார். அப்பாவின் திட்டம்.

"நீ காருக்குள்ளை இரு. உள்ள வராதை. கதைச்சு முடிய ஜன்னலடிக்கு வந்து கையைக் காட்டுவன். காட்டினா நீ வா, தேத்தண்ணி குடிப்பம். காட்டாட்டி வராதை."

"எவ்வளவு நேரம் பாக்கிறது?"

கொஞ்சம் யோசித்தார். "அதை நான் யோசிக்கேல்லை" என்றார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா கதவைத் தட்டி, இரண்டு பேரும் குளிரில் என்ன குசுகுசுக்கிறியள் என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை அப்பா முதியோர் இல்லத்துப் பாதையில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தார். டெக்லன் ஜன்னலால் கண்டார். கைத்தடியால் கண்ணாடியில் அடித்து ஆட்களைக் கூப்பிட்டார். அம்புலன்ஸ் வந்தது. இதயம். அறிக்கையில் உள்ள சொற்களை நான் பல தடவை வாசித்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை.

அப்பாவின் உடல் வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் புஷ்பராணி அக்கா லவாலிலிருந்து பஸ்ஸிலும் மெட்ரோவிலும் மாறி மாறி வந்தார். சோற்றுப் பார்சலும் கொண்டுவந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரில் இவ்வளவு அருகில் அவர் அப்பாவைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்ல மனுசன். ஒருத்தற்ற சோலிக்கும் போகாத மனுசன்" என்றார் அம்மாவிடம். "முப்பது வருசமா ஒரு கோயில். என்னோட ஒரு வசனம் கதைச்சிருப்பாரோ? வெக்கமாக்கும் எண்டு நினைச்சன்."

"அவர் அப்பிடித்தான் அக்கா. என்னோடயே அளந்துதான் கதைப்பார்."

"கார்த்திகைப் பூசைக்கு இவற்ற பேரையும் நான் குடுக்கிறன், றோஸ்மேரி. என்ர தம்பியின்ர பேருக்குப் பக்கத்தில வாசிக்கச் சொல்லுறன். அவனும் தனிச்சுப்போய்க் கிடக்கிறான்."

அம்மா தலையாட்டி அழுதார். நான் தண்ணீர் எடுக்கிற மாதிரி வெளியே போனேன். கார் லைற் எரியவில்லை. இருந்தாலும் கார்வரை போனேன்.

பெட்டியை மூடும்போது டெக்லன் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "ராஜா லவாலுக்குப் போனாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. இல்லை என்றேன். அவர் என் சட்டையை விடவில்லை. பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். இரவில் வாசல் விளக்குத் தானாகப் பற்றுகிறது. பூனை, முயல், காற்றில் அசையும் ஒரு கொப்பு. ஒவ்வொரு தடவையும் நான் ஜன்னலுக்குப் போகிறேன். சென்சாரின் உணர்திறனைக் குறைக்கலாம். ஒரு திருகாணி வேலைதான். செய்யவில்லை.

நேற்று ஜென்சி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, அங்கிளின்ர பகுதியை வைக்கட்டோ, எடுக்கட்டோ? நீங்கள் சொன்னா எடுக்கிறன். ஆனா..."

"என்ன ஆனா?"

"புஷ்பராணி அன்ரி முன் வரிசையில ரெண்டு கதிரை பிடிச்சு வைக்கச் சொன்னவ. ஒண்டு தனக்கு. மற்றது உங்கட அம்மாவுக்காம். ரெண்டு பேரும் சேர்ந்து அங்கிளைப் பாக்கப் போகினமாம்."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தமிழ் தெரிந்த எவருக்கும் அந்த வீடியோ பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும். எடுத்துவிடச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பாவின் பெயரும் ரதீசனின் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக வருடா வருடம் வாசிக்கப்படும். நான் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அல்லது எழுந்து வெளியே போக வேண்டும்.

"ஒண்டையும் எடாதை. சனிக்கிழமை முடியச் சொல்லுறன்" என்றேன்.

அம்மாவிடம் வரும் சனிக்கிழமை லவாலுக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். புஷ்பராணி அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தலாம். காருக்குள் இருந்து ஜன்னலைப் பார்க்க இப்போது ஒருவரும் இல்லை. உள்ளே போகப் போவது நான். கையைக் காட்ட வேண்டியதில்லை. அந்த அக்கா கதவைச் சாத்தினால் சாத்தட்டும். அம்மாவுக்கு எடுத்துச் சொன்னால், கோயில் முழுக்கச் சொன்னால், அரசாங்கத்துக்கே எழுதிப் போட்டால்? எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். எதற்கும் மாற்று ஏற்பாடு இல்லை.

அப்பா சொல்லிவிட்டுப் போன வசனங்கள் என்னிடம் இருக்கின்றன. அந்தக் கராஜில், குளிரில், இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான் திருத்தவில்லை.

விளக்கு வைத்த சனம் காசு வாங்கவில்லை. தங்கள் வள்ளத்துக்காக வைத்தார்கள். யார் வருகிறார்கள் என்று தெரிந்தும் விளக்கைப் பிடித்தது ஒருவன்தான். அவன் பெயர் அருமைராசா. உங்கள் தம்பியும் மற்றவர்களும் கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

இதைப் புஷ்பராணி அக்காவிடம், அவருடைய வீட்டில், பங்குனிக்கு முன் சொல்ல வேண்டும்.